மராமத்து வேலைக்குத் தமிழில் ஒரு தாள் கொடுங்கள்: வீட்டுவசதித் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரையில் குடியிருக்கிறேன். அஞ்சல் துறையில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணிக்கொடை கைக்கு வந்தபோது பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் வீட்டு மாடியை எடுத்துக் கட்டி வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்தேன். 1984இல் அப்பா கட்டிய வீடு அது. மாடி 800 சதுர அடி. மொட்டை மாடியில் பதித்த தட்டோடு அங்கங்கே பெயர்ந்து, சுவரில் ஓதம் ஏறி, பழைய இரும்புக் குழாயில் துரு அடைத்து, பத்து வருடமாக வேண்டாத சாமான்களைப் போட்டு வைக்கும் இடமாகத்தான் இருந்தது. சரிசெய்து விட்டால் மாதம் 11,000 ரூபாய் வாடகை வரும் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். பென்ஷனோடு அதுவும் சேர்ந்தால் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். வீட்டு மராமத்து, ஆல்ட்ரேஷன் வேலைகளுக்கு அரசே ஒரு மாதிரி ஒப்பந்தத் தாளைத் தமிழில் வெளியிட வேண்டும். என்ன வேலை, எந்தச் சாமான், எந்த அளவு, எப்போது எவ்வளவு பணம், பிறகு பழுது வந்தால் யார் பொறுப்பு என்று கொத்தனாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பக்கூடிய தாள். இதற்குப் போய் ஒரு மடலா என்று தோன்றலாம். அந்தத் தாள் இல்லாமல் என் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் ஏன் எழுதுகிறேன் என்பது புரியும்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலில் வந்தவர் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விசிட்டிங் கார்டின் பின்புறம் "சதுர அடிக்கு 725" என்று எழுதிக் கொடுத்தார். மொத்தம் 5,80,000 ஆகிறது. இரண்டாமவர் ஒரு அரைத் தாளில் "மாடி வேலை முழுவதும் 7,50,000" என்று ஒரே வரியில் எழுதினார். மூன்றாமவர் நான்கு பக்கம் ஆங்கிலத்தில் டைப் செய்து அனுப்பினார். கடைசியில் 9,10,000 என்று போட்டிருந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். ஆனால் அந்த நான்கு பக்கத்தில் இருந்த வேலைகள் என் வீட்டில் எங்கே, எதற்கு என்று புரியவில்லை. குறைந்த விலை பயத்தைக் கொடுத்தது. கூடின விலை கைக்கு எட்டவில்லை. நடுவில் இருந்தவரிடம் வேலையைக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து அந்த மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 5,80,000 சொன்னவர் கொத்து வேலை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறார். வயரிங், பெயின்ட், பாத்ரூம் சாமான் எதுவும் அதில் இல்லை. 9,10,000 சொன்னவர் பழைய தட்டோட்டை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகச் செங்கல் ஜல்லித் தளம் போட்டுத் தட்டோடு பதிப்பதையும், இடிபாட்டை லோடு கட்டி அனுப்புவதையும், எத்தனை லைட் பாயின்ட், எத்தனை பவர் பாயின்ட் என்பதையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார். இந்த மூன்றும் மூன்று வேறு வேலைகளுக்குச் சொன்ன விலை. நான் அடியில் இருந்த எண்ணை மட்டும் ஒப்பிட்டேன். ஒரே பட்டியலை மூன்று பேரிடமும் நான் கொடுத்து, "இதற்கு விலை போடுங்கள்" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அப்படி ஒரு பட்டியல் போட எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

என் பக்கத்துத் தவறையும் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கான்ட்ராக்டர் தம்பியிடம் நான் வேலையை எடுத்துச் சொன்ன விதம் இதுதான்: "நல்லா பண்ணிக் குடுத்துருங்க தம்பி, வாடகைக்கு விடணும்." அவர் சொன்ன பதில்: "எல்லாம் பாத்துக்கலாம்மா." தளத்தைக் கேட்டேன், பாத்துக்கலாம்மா. குழாயைக் கேட்டேன், பாத்துக்கலாம்மா. எத்தனை நாள் ஆகும் என்றேன், மூணு மாசம், பாத்துக்கலாம்மா. நான் சொன்ன "நல்லா" என்பதற்கு என் மனதில் ஒரு அர்த்தம், அவர் மனதில் இன்னொரு அர்த்தம். அவர் என்னை ஏமாற்ற வேண்டும் என்று நினைத்து வந்தவர் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. எதைச் செய்யவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே எழுத்தில் இல்லை.

மாசி மாதம் வேலை ஆரம்பித்தது. அட்வான்ஸ் 2,00,000. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் படியேறி வந்து நிற்பார். "ஆளுங்களுக்குச் சம்பளம் போடணும்மா." கொத்தனார், சித்தாள் எல்லோரும் கீழே வாசலில் கை கால் கழுவிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் இல்லை என்று எப்படிச் சொல்வது? வாரம் 35,000 போல் கொடுத்தேன். பன்னிரண்டு சனிக்கிழமைகள். சித்திரை முடியும்போது கணக்குப் பார்த்தால் 6,20,000 கொடுத்திருக்கிறேன், அதாவது நூற்றுக்கு 80 ரூபாய்க்கு மேல். வேலை பாதிகூட ஆகவில்லை. சுவர்ப் பூச்சு முடிந்திருந்தது, தரை போடாமல் கிடந்தது, கதவு இல்லை, பாத்ரூமில் குழி மட்டும் இருந்தது. பணம் நாள்கணக்கில் போனது, வேலை அதன் போக்கில் நடந்தது. இரண்டையும் கட்டி வைக்க ஒரு கயிறு இல்லை.

அதற்கப்புறம் ஆட்கள் குறைந்தார்கள். வேறு ஒரு இடத்தில் வேலை ஆரம்பித்திருக்கிறார், அங்கே அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார், அந்தப் பணத்தில் என் வீட்டு வேலை நடக்க வேண்டும் என்ற நிலை. சிறிய கான்ட்ராக்டர்கள் பலர் இப்படித்தான் ஒரு வீட்டுப் பணத்தில் இன்னொரு வீட்டை ஓட்டுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வைகாசியில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு தேடி வருகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தச் சமயத்தை விட்டால் வருடத்தின் நடுவில் குடும்பத்தோடு வீடு மாறுகிறவர்கள் குறைவு. புரட்டாசியில் சாவி என் கைக்கு வந்தது. "கூடுதல் வேலை" என்று 92,000 தனியாகக் கேட்டார். ஒரு லாஃப்ட், இரண்டு ஷெல்ஃப், பால்கனிக் கம்பி. நான் வாய்வார்த்தையாகச் சொன்னவைதான், மறுக்கவில்லை. என்ன விலை என்று அப்போது கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேசிய தொகையில் 40,000 மட்டும் நிறுத்திவைத்தேன்.

ஐப்பசி மழை வந்தது. மூன்றாவது நாள் மாடி ஹாலில், புதிதாகப் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த கூரையில், தட்டு அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். அடுத்த நாள் அது முறம் அளவுக்கு ஆனது. உடைந்த தட்டோடுகளை மட்டும் எடுத்துவிட்டுப் புதியவற்றை ஒட்டி, மேலே வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அடியில் ஜல்லித் தளம் பழையபடியே வெடித்துக் கிடந்தது.

பாத்ரூம் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்த மடலின் எண்ணமே வந்தது. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். தண்ணீர் மூலையில் இருந்த ஜாலியை, அதாவது தண்ணீர் வெளியேறும் வடிகால் துளையை நோக்கிப் போகவில்லை. வாசலை நோக்கி வந்து, நிலைப்படியில் முட்டி, அங்கேயே தேங்கி நின்றது. டைல்ஸ் அழகாகப் பதித்திருந்தார்கள், இடைவெளி எல்லாம் ஒரே மாதிரி. வாட்டம், அதாவது தரையின் சரிவு மட்டும் மறுபக்கம் இருந்தது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "வாட்டம் எந்தப் பக்கம்னு நீங்க சொல்லலையேம்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது, நான் எங்கே அதைச் சொன்னேன் என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை என்பதும் தெரிந்தது. செல்போனில் பணம் அனுப்பிய ரசீதுகள் இருக்கின்றன. எதற்கு அனுப்பினேன் என்பது அதில் இல்லை. வாட்ஸ்அப்பில் தேடினால் "ஓகே மா", "நாளைக்கு ஆள் வரும் மா" என்றே இருந்தது.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உறவில் ஒரு வக்கீல் சொன்னார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் வேலையும் சேவைதான். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் கொடுத்த பணத்துக்குக் கட்டணமே 200 ரூபாய்தான், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எல்லாம் எனக்குச் சாதகமாகவே இருந்தது. அப்புறம் அவர் இரண்டு கேள்வி கேட்டார். "என்ன வேலை செய்வதாகப் பேசினீங்க, அதைக் காட்டுங்க." அரைத் தாளைக் காட்டினேன். "வாடகைக்கு விடுற வீடுன்னு சொல்றீங்க, வணிக நோக்கம்னு எதிர்த்தரப்பு சொல்லும், அதுக்கும் பதில் வச்சிருக்கணும்." நான் கோப்பை மூடிவிட்டேன். சட்டத்தில் குறை இருந்ததாக நான் சொல்லவில்லை. சட்டத்தின் முன்னால் எடுத்து வைக்க என் கையில் ஒரு தாள் இல்லை.

உங்கள் துறையைத் தேடி ஏன் வருகிறேன் என்றால், இந்த மாதிரி விஷயங்களை எழுத்தில் கொண்டுவர உங்களுக்குத் தெரியும் என்பதால்தான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2017இல் வந்தன. அந்தச் சட்டப்படி, பில்டரிடம் ஃபிளாட் வாங்குகிறவரிடம் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டமைப்பில் பழுது வந்தால் ஐந்து வருடத்துக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்து தரவேண்டும். நல்ல சட்டம். ஆனால் விற்பனை சம்பந்தப்படாத புதுப்பிப்பும் பழுதுபார்ப்பும் அந்தச் சட்டத்தின் பதிவுக்குள் வராது. என்னைப் போல் இருக்கிற வீட்டைத் திருத்துகிறவருக்கு அந்தப் பாதுகாப்பில் ஒன்றும் கிடைப்பதில்லை.

வாடகைச் சட்டத்தைப் பாருங்கள். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் நடுவில் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது, அதைப் பதிவு செய்யவும் சொல்கிறது. அதன் அட்டவணையில் வெள்ளையடிப்பதும் வயரிங்கும் உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவதும் சுவிட்ச், பிளக் பழுதும் குடியிருப்பவர் பொறுப்பு என்று வரி வரியாகப் பிரித்து எழுதியிருக்கிறது. வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குழாய் வாஷர் வரைக்கும் யோசித்து எழுதிய அரசு, அந்தக் குழாயைச் சுவருக்குள் பதிக்கிற வேலைக்கு ஏன் ஒரு வரி எழுதித் தரவில்லை? மாதம் 11,000 ரூபாய் வாடகைக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் இருக்கிறது. அந்த வாடகையை உண்டாக்கப் போட்ட 7,50,000 ரூபாய்க்கு அரைத் தாள்.

எங்கள் தெருவில் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "எம்-புக் போட்டீங்களா?" எனக்கு அது என்னவென்றே தெரியாது. அரசு வேலை எதுவானாலும் நடந்த வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் பில் பாஸ் ஆகும், ஏற்றாத வேலைக்குப் பணம் கிடையாது என்று விளக்கினார். எந்த வேலைக்கு என்ன விலை என்று துறையிடம் ஒரு விலைப் பட்டியல் இருக்கும். வேலை முடிந்தாலும் கொஞ்சம் பணத்தைப் பிடித்துவைத்துக் குறிப்பிட்ட காலம் பழுது வரவில்லை என்று பார்த்த பிறகே விடுவிப்பார்கள். அரசு தன் பணத்தை இவ்வளவு கவனமாகக் காப்பாற்றுகிறது. அந்தப் பழக்கத்தில் கால் பங்கையாவது பொதுமக்களுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த ஓவர்சியர் சொன்னதை வைத்துத்தான் இரண்டாவது முறை நான் வேலை செய்தேன். மழை விட்டு, மறு மாசியில் வேறொரு கொத்தனாரை வரவழைத்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், நாற்பது வருடமாகக் கரணை பிடிக்கிறவர். தளத்தைப் புதிதாகப் போடுவது, பாத்ரூம் தரையை எடுத்துவிட்டு மறுபடி பதிப்பது, இவ்வளவுதான் வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். "அண்ணே, உட்காருங்க, எழுதிட்டு ஆரம்பிக்கலாம்" என்றேன். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. "என் மேல நம்பிக்கை இல்லையா போஸ்டாபீஸம்மா?" என்று கேட்டார். "உங்க மேல இருக்கு அண்ணே, என் ஞாபகத்து மேல இல்லை" என்று சொன்னேன். அவர் உட்கார்ந்தார்.

எழுத ஆரம்பித்ததும் அவர்தான் அதிகம் சொன்னார். நான் "தளம் புதிதாகப் போட வேண்டும்" என்று எழுதினேன். அவர் நிறுத்தி, பழைய தட்டோடு, ஜல்லி இரண்டையும் கான்கிரீட் தெரிகிற வரைக்கும் எடுப்பது ஒரு வேலை, கம்பி துரு ஏறியிருந்தால் தேய்த்துப் பூச்சு கொடுப்பது தனி வேலை, அது எவ்வளவு என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், அதற்குத் தனி வரி போடுங்க என்றார். வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம், பாத்ரூமுக்கு 5 அடிக்கு 1 அங்குலம், எந்த மூலைக்கு என்று படம் போட்டு அம்புக்குறி வைத்தோம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையைச் சரித்துப் பூச வேண்டும் என்று அவர் சொல்லவில்லை என்றால் எனக்குத் தோன்றியிருக்காது. புதுத் தளம் இறுகத் தண்ணீர் கட்டுவது எத்தனை நாள், யார் கட்டுவது என்று எழுதினோம். பத்து நாள், காலையில் அவர் ஆள், சாயங்காலம் நான். டைல்ஸ் பதிக்கும் முன் பாத்ரூமில் தண்ணீரைத் தேக்கி 48 மணி நேரம் வைத்துக் கீழே கசிகிறதா என்று இரண்டு பேரும் பார்ப்பது. சுவருக்குள் போகிற குழாயை மூடுவதற்கு முன் அழுத்தம் கொடுத்து ஒழுகுகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்து, செல்போனில் படம் எடுப்பது. சிமென்ட், எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) நான் வாங்கித் தருவது, அவர் கூலி மட்டும். ஒரு யூனிட் மணல் என்றால் 100 கன அடி, லாரி வந்ததும் அளந்து இறக்குவது. கரண்டும் தண்ணீரும் என் செலவு. இடிபாட்டை எடுத்துப்போவது அவர் பொறுப்பு, தெருவில் குவிக்கக் கூடாது.

அந்தக் கடைசி விஷயங்களை எல்லாம் அவரே கேட்டு எழுதவைத்தார். ஏன் என்று பிறகு சொன்னார். ஒரு வீட்டில் டைல்ஸை மூன்று முறை மாற்றச் சொன்னார்களாம். ஒட்டியதை எடுத்த கூலியைத் தரவில்லை. 40,000 ரூபாய் அப்படியே நிற்கிறதாம். இன்னொரு வீட்டில் மணல் வர நான்கு நாள் ஆனதற்கு ஆட்களை உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்திருக்கிறார். நாங்கள் வீட்டுக்காரர்கள் "இதோட இதையும் சேத்துப் போட்டுருங்களேன்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவருக்கு அது ஒரு நாள் கூலி. நான் கேட்கிற தாள் வீட்டுக்காரர் கையில் இருக்கும் பிரம்பாக ஆகிவிடக் கூடாது. அவருக்கும் அதில் ஒரு பக்கம் வேண்டும்.

பணம் கொடுக்கும் முறைதான் கஷ்டமாக இருந்தது. வேலை முடிய முடியப் பணம் என்றேன். "சனிக்கிழமை சம்பளம் இல்லைன்னா திங்கக்கிழமை ஆளு வராதும்மா" என்றார். அது நியாயம்தானே, அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். கடைசியில் இப்படி முடிவு செய்தோம்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் டேப் பிடித்து அந்த வாரம் முடிந்த வேலையை அளப்பது, நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது, சனிக்கிழமை அந்த அளவுக்குப் பணம். முதல் வெள்ளிக்கிழமை நான் ஒரு முனையையும் அவர் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றோம். 212 சதுர அடி. நான் எழுதினேன், அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வாசித்துவிட்டு, தமிழில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். சாமானோடு சேர்த்து மொத்தச் செலவு 1,85,000 என்று போட்டிருந்தோம். அதிலேயே ஐந்து வாரத்தில் வேலை முடிந்தது. அவர் கூலியில் 10,000 மட்டும் அடுத்த மழை கழியும்வரை என்னிடம் இருக்கட்டும் என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். வைகாசியில் ஒரு ஆசிரியர் குடும்பம் குடிவந்தது. அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்ததும் அவர் வந்தார். நேராக மாடிக்குப் போய், கூரையைப் பார்த்து, பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அது மூலை ஜாலிக்கு ஓடியது. பிறகுதான் கீழே வந்து பணத்தை வாங்கிக்கொண்டார்.

இதை முதலீடு என்று நினைத்து இறங்கியவள் என்பதால் கணக்கையும் சொல்கிறேன். 7,50,000 போட்டால் மாதம் 11,000 வாடகையில் ஆறு வருடத்துக்குள் முதல் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நிறுத்திவைத்த 40,000 போக, கூடுதல் வேலைக்கும் இரண்டாவது முறை வேலைக்கும் கொடுத்ததைச் சேர்த்தால் கடைசியில் போனது 9,87,000. நான் வேண்டாம் என்று ஒதுக்கிய மூன்றாமவரின் விலையைவிட அதிகம். இப்போது ஏழரை வருடம். வீடு பூட்டிக் கிடந்த ஒரு வருட வாடகை 1,32,000 இதில் சேரவில்லை. பில்லும் இல்லை. நாளைக்கு வீட்டை விற்க வேண்டி வந்தால் மேம்பாட்டுச் செலவு என்று வருமான வரியில் காட்ட என்னிடம் அந்த முதல் வேலைக்கு ஒரு ரசீதும் கிடையாது. பெரிய பணக்காரர்களுக்கு இது சின்னத் தொகையாக இருக்கலாம். ஓய்வூதியப் பணத்தையும், நகையை வைத்த பணத்தையும், வெளிநாட்டில் மகன் அனுப்பிய பணத்தையும் ஒரு மாடியில் போடுகிறவர்கள் இந்த மாநிலத்தில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மாதிரி ஒப்பந்தம் நான்கு பக்கத்துக்குள் இருக்கட்டும். சட்டத் தமிழில் வேண்டாம். வாட்டம், பூச்சு, தளம், பட்டி, பாயின்ட் என்று கொத்தனார் சொல்லும் சொல்லிலேயே இருக்கட்டும். கூடவே நிரப்புகிற பட்டியல் ஒன்று: மொட்டை மாடி, சமையலறை, பாத்ரூம், வயரிங், பெயின்ட் என்று ஒவ்வொன்றுக்கும் என்னென்ன கேட்க வேண்டும் என்று. வயரிங் பக்கத்தில் லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர் என்று முன்கூட்டியே அச்சிட்டிருந்தால், ஒன்றும் தெரியாதவரும் அதைக் காட்டிக் கேட்பார். கூடுதல் வேலைக்கு ஒரு சின்னச் சீட்டு, விலை எழுதிக் கையெழுத்து ஆன பிறகுதான் வேலை. அளவு எழுத ஒரு பக்கம். பிடித்துவைக்கும் பணம் எவ்வளவு, எந்த மழை வரைக்கும் என்று ஒரு வரி.

அதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை புது வீடு கட்ட சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி தருகிறீர்கள். புது வீடு கட்டுகிறவர் உங்கள் தளத்துக்கு வருகிறார், அவருக்கு அங்கேயே இந்தத் தாளைக் கொடுத்துவிடலாம். உள்ளே பூச்சும் டைல்ஸும் மாற்றுகிறவர் எந்த அனுமதிக்கும் உங்களிடம் வருவதில்லை. அவர் முதலில் போகிற இடம் பெயின்ட் கடை, டைல்ஸ் கடை, சிமென்ட் கடை. இ-சேவை மையத்தோடு அந்தக் கடைகளிலும் தாள் கிடைக்க வேண்டும். 1994 முதல் இயங்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் வழியாகக் கொத்தனார்களுக்கும் அதைக் கொடுத்து, எப்படி நிரப்புவது என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்தால், அவர்களே அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அரசின் விலைப் பட்டியலில் மராமத்து வேலைகளை மட்டும் பிரித்து, தமிழில், மாவட்டவாரியாக வெளியிட்டால் சதுர அடி விலை கேட்டு விழிக்க வேண்டியதில்லை. தகராறு வந்தால் நீதிமன்றம் போகும் முன், வட்ட அளவில் ஒரு ஓய்வு பெற்ற பொறியாளரோ ஓவர்சியரோ நேரில் வந்து அளந்து, "இவ்வளவு வேலை நடந்திருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால் பாதித் தகராறு வாசலிலேயே முடிந்துவிடும்.

எழுதச் சொன்னால் கொத்தனார்கள் வரமாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். என் வீட்டுக்கு வந்தவரும் முதலில் தயங்கினார். இப்போது அவரே நோட்டு வாங்கி வைத்திருக்கிறார், போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு வேலைக்கு அதை எடுத்துப் போனதாகச் சொன்னார். அந்த வீட்டுக்காரர்தான் "எதுக்கு இதெல்லாம், பாத்துக்கலாம் விடுங்க" என்றாராம்.

எங்கள் நோட்டின் முதல் ஆறு பக்கங்களை நகலெடுத்து இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்குப் ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். அம்புக்குறி போட்ட படமும் அதில் இருக்கிறது. மாதிரித் தாள் தயாரிக்க உங்கள் துறை யாரையாவது அமர்த்தினால் நானும் அந்தக் கொத்தனார் அண்ணனும் வருகிறோம். வாரநாளில் வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும், அதனால் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
மதுரை.